சர்க்கரைப் பொங்கலும் சார்ல்ஸ் மன்னரும்

நான் அமெரிக்கா போனது ஒரு நாய்க்குத் துணையாக. இது எனக்கே அங்கே போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

முப்பத்து நாலு வருடம் ரயிலில் கார்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்று, திருச்சி பொன்மலையில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். என் மகள் வித்யா போனில் கூப்பிட்டாள். "அப்பா, அம்மாவுக்குத்தான் ஃப்ளைட்னாலே காது அடைக்குது. நீங்களாவது வந்து ரெண்டு மாசம் இருங்களேன். பாக்கணும் போல இருக்கு" என்றாள். பால்காரர் முதல் பக்கத்துத் தெரு மருந்துக்கடைக்காரர் வரை அத்தனை பேரிடமும், பெண் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறாள் என்று சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டேன்.

டல்லாஸ் விமான நிலையத்திலிருந்து அவர்கள் குடியிருக்கும் காப்பெலுக்குப் போகும் வழியில், ஃப்ரீவேயில் கார் ஓட்டிக்கொண்டே வித்யா மெதுவாக ஆரம்பித்தாள்.

"அப்பா, போன வருஷத்துலேர்ந்து எங்க ஆபீஸ்ல வாரம் மூணு நாள் நேர்ல வரச் சொல்லிட்டாங்க. செந்திலுக்கும் அதே கதை. சார்லியைத் தனியா விட்டா அழறான். டாக் டேகேர்னு நாய்ங்களைப் பகல்ல பாத்துக்கிற இடத்துல போட்டுப் பாத்தோம். மத்த நாய்ங்களோட சேர மாட்டேங்கறான்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

"அதனால?"

"அதனால ஒண்ணுமில்லப்பா. நீங்கதான் இருக்கீங்கல்ல."

புரிந்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சாலையோரம் பூராவும் நீலப் பூக்கள் பூத்துக் கிடந்தன. கோபமாக இருக்கும்போது நல்ல பூவாகப் பார்த்தாலும் ரசிக்க முடிவதில்லை.

வீட்டுக்குள் நுழைந்து, பதினெட்டு மணி நேரம் மடங்கிக் கிடந்த காலை நீட்டலாம் என்று சோபாவில் உட்காரப் போனேன். எட்டு வயதுப் பேத்தி நிலா ஓடி வந்து தடுத்தாள். "தாத்தா, நோ! தட்ஸ் சார்லீஸ் ஸ்பாட்!"

சோபாவின் நல்ல மூலை அது. அங்கே வெள்ளையும் பழுப்புமாக, காதில் சுருள்சுருளாக முடி தொங்க, ஒரு குட்டைப் பிராணி சாய்ந்திருந்தது. என்னை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. எங்கள் ரயில்வே கோட்டத்து அதிகாரிகள்கூட அப்படிப் பார்த்ததில்லை.

அது சாதாரண நாய் இல்லையாம். காவலியர் கிங் சார்ல்ஸ் ஸ்பேனியல் என்ற சாதியாம். இங்கிலாந்தை ஆண்ட இரண்டாம் சார்ல்ஸ் மன்னருக்கு இந்த ரக நாய்கள் என்றால் உயிர், அதனால்தான் அந்தப் பெயர் என்று நிலா ஆங்கிலத்தில் விளக்கினாள். நாயை நாய் என்று சொன்னதற்கும் கோபித்துக்கொண்டாள். "ஹீ இஸ் அ கிங், தாத்தா."

இரண்டாம் நாள் செந்தில் வீட்டின் வரலாற்றைச் சொன்னார். மாப்பிள்ளை நல்ல மனிதர், அதிகம் பேச மாட்டார். போன வருடம் அவருடைய அம்மா, அதாவது என் சம்பந்தியம்மா, கும்பகோணத்திலிருந்து வந்து ஆறு மாதம் இருந்துவிட்டுப் போனாராம். வந்த அன்றே, "வீட்டுக்குள்ள நாயா? நானா அதுவான்னு முடிவு பண்ணுங்க" என்று குண்டு போட்டுவிட்டார். சமையலறைக்குக் குறுக்கே ஒரு குட்டிக் கதவு வாங்கி மாட்டினார்கள். சோபா தடை, படுக்கை தடை, பூஜை அலமாரிப் பக்கம் எட்டிப் பார்க்கவே தடை. பகலில் எல்லோரும் வெளியே போனதும் நாயை அறைக்குள் போட்டு அடைத்துவிடுவாராம்.

"அம்மா ஊருக்குப் போனதும்தான் மாமா அது திரும்ப சோபா ஏறிச்சு" என்றார் செந்தில். "அம்மாவைத் திரும்பக் கூப்பிடணும்னுதான் ஆசை. அங்க தனியா இருக்காங்க. ஆனா நாய் இருக்கிற வீட்டுக்கு எப்படி..." என்று பாதியில் நிறுத்திவிட்டார்.

அந்த வார இறுதியில் நிலாவுடன் ஊர் நூலகத்துக்குப் போனேன். நிலா கேட்டதும், பணம்கூட வாங்காமல் செங்கல் கனத்துக்கு ஒரு புத்தகத்தைத் தூக்கிக் கொடுத்தார்கள். சார்ல்ஸ் மன்னரின் வரலாறு. வீட்டு எஜமானரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வோமே என்று படிக்க ஆரம்பித்தேன்.

படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இந்த சார்ல்ஸின் அப்பா தலையை வெட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு கிராம்வெல் என்ற கண்டிப்புப் பேர்வழியும் அவருடைய ஆட்களும் நாட்டைப் பிடித்துக்கொண்டு நாடகம் கூடாது, கூத்துக் கூடாது, கிறிஸ்துமஸ்கூடக் கொண்டாடக் கூடாது என்று மூடி வைத்தார்கள். இளவரசர் ஒரு ஓக் மரத்தில் ஏறி ஒளிந்து தப்பி, வெளிநாடுகளில் சாப்பாட்டுக்கே திண்டாடி அலைந்தார். கிராம்வெல் செத்த பிறகு ஜனங்களுக்கே போதும் போதும் என்றாகி, வாப்பா ராஜா என்று கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அவர் சோபா ஏறியதுதான் தாமதம், நாடகக் கொட்டகைகள் திறந்தன, பெண்கள் முதன்முதலாக மேடையேறினார்கள், அரண்மனை முழுக்கக் காதலிகள். நாய்கள் அவர் படுக்கையறையிலேயே குட்டி போட்டனவாம். மந்திரிகள் முக்கியமான விஷயம் பேசிக்கொண்டிருக்கும்போது மன்னர் நாயோடு விளையாடிக்கொண்டிருப்பாராம்.

கல்யாணக் கதை இன்னும் ஜோர். போர்ச்சுக்கல் அரச குடும்பம் தன் பெண்ணை இவருக்குக் கட்டிக் கொடுத்து, சீர்வரிசையில் பம்பாயைத் தூக்கி வைத்தது. நான் வித்யாவுக்கு வைத்தது ஒரு பீரோவும் கட்டிலும். பம்பாயையே வாங்கிக்கொண்ட மாப்பிள்ளை, பெண்ணை ஒழுங்காக வைத்துக்கொண்டாரா என்றால் அதுவும் இல்லை. அந்த மகாராணி தேநீரைக் குடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். பெண்ணைப் பெற்றவன் என்ற முறையில் எனக்கு அந்த இடத்தில் மன்னர்மேல் மரியாதை கொஞ்சம் குறைந்தது.

அன்றிலிருந்து என் மனசுக்குள் சம்பந்தியம்மாவுக்குக் கிராம்வெல் என்று பெயர் வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை முதல் என் உத்தியோகம் தொடங்கியது. காலை எட்டரைக்கு வீடு காலி. தெருவில் ஆள் நடமாட்டமே கிடையாது. எங்கள் பொன்மலையில் வாசலில் ஐந்து நிமிடம் நின்றால் நாலு பேர் விசாரிப்பார்கள். இங்கே அரை மணி நின்றேன், ஒரு அணில் மட்டும் நின்று பார்த்தது. எதிர் வீட்டில் பெரிய தொப்பி போட்ட ராய் என்ற டெக்சாஸ்காரர் தூரத்திலிருந்து கையைத் தூக்கினார். நானும் கொடி காட்டுகிற பழக்கத்தில் கையை நீட்டி ஆட்டினேன். அவ்வளவுதான் அன்றைய சமூக வாழ்க்கை.

சரியாகப் பத்து மணிக்கு என் போன் அடிக்கும். கும்பகோணத்தில் அப்போது இரவுச் சாப்பாடு முடிந்த நேரம். வீடியோவில் சம்பந்தியம்மா.

"நிலா ஸ்கூலுக்குப் போயிட்டாளா?"

"போயிட்டாங்க."

"அந்த நாய் எங்க? சோபாவுல ஏறியிருக்கும். காட்டுங்க பாப்போம்."

காட்டுவேன். ஒரு நிமிடம் முறைத்துப் பார்ப்பார். "ம்ம். கொழுத்துப்போச்சு. நடக்க விடுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். பள்ளிக்கூடம் ஏழே முக்காலுக்கே தொடங்கிவிடும் என்று தெரிந்தும் பேத்தியைப் பத்து மணிக்கு விசாரிக்கிற பாட்டியைப் பார்த்து எனக்கு வியப்பாக இருந்தது. பத்தாயிரம் மைல் தள்ளி இருந்தும் கிராம்வெல் உளவு பார்ப்பதை விடவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

நாய்க்கும் எனக்கும் இன்னொரு தகராறு. எனக்குக் கொடுத்த கீழறைக் கட்டிலுக்கு இடப்பக்கம், தரையில், நாலாக மடித்த பழைய நூல் புடவை ஒன்று கிடந்தது. துடைக்கிற துணி என்று நினைத்துக் கார் நிறுத்தும் கராஜில் கொண்டுபோய்ப் போட்டேன். அதிலிருந்து மன்னர் தினமும் மதியம் என் அறைக்குள் வந்து, அதே இடத்தை மோந்து, கார்ப்பெட்டைப் பிறாண்டி, நான் எதையோ திருடிவிட்ட மாதிரி என்னை அண்ணாந்து பார்ப்பார். "என்னடா முறைக்கிறே? ரூம் எனக்கு அலாட் ஆனது" என்று ஒருநாள் சத்தம்கூடப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை செந்தில் டாக்கோ வாங்கித் தந்தார். சப்பாத்தியை மடித்து முட்டையும் உருளைக்கிழங்கும் வைத்த சமாச்சாரம். நன்றாகவே இருந்தது. கீழே விழுந்ததெல்லாம் மன்னருக்குப் போயிற்று. என் கையிலிருந்து முதன்முதலாக அவர் வாங்கித் தின்றது அன்றுதான். எங்கள் உறவு கொஞ்சம் சீரடைந்தது.

மூன்றாவது வாரம் புதன்கிழமை வித்யாவின் நட்சத்திரப் பிறந்தநாள். அவளுக்கு ஆபீஸ். செந்தில் வேலை விஷயமாக விமானத்தில் எங்கேயோ போய்க்கொண்டிருந்தார். சாயங்காலம் அவள் வரும்போது சர்க்கரைப் பொங்கல் இருக்கட்டும் என்று நானே அடுப்பில் ஏற்றினேன். என் பொங்கலுக்கு ரயில்வே காலனியில் பெயர் உண்டு. நெய்யில் திராட்சையைப் போட்டு, பலூன் மாதிரி உப்பியதும் எடுத்து, தாராளமாக ஒரு கைப்பிடி கொட்டுவேன்.

பூஜை அலமாரி இடுப்புயரம்தான். அதன் முன்னால் ஒரு மணையைப் போட்டு, அதன்மேல் கிண்ணத்தை வைத்து, பிள்ளையாருக்குக் காட்டிவிட்டுக் கண்ணை மூடினேன். நைவேத்தியம் செய்யும்போது சாமி சாப்பிடுவதை நாம் பார்க்கக் கூடாது என்று எங்கள் வீட்டுப் பழக்கம். கண்ணை மூடி, மகள், மாப்பிள்ளை, பேத்தி, மனைவியின் முழங்கால் என்று ஒவ்வொன்றாக வேண்டிக்கொண்டு திறந்தால், கிண்ணம் கழுவி வைத்த மாதிரி இருந்தது. பக்கத்தில் மன்னர் மூக்கை நக்கிக்கொண்டு நின்றார்.

எனக்குக் கோபமே வரவில்லை. வயிறு குலுங்கச் சிரித்தேன். அந்த நேரம் பார்த்துப் பத்து மணிப் போன். சம்பந்தியம்மாவைக் கொஞ்சம் சீண்டிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

"சம்பந்தியம்மா, இங்க பாருங்க. பிள்ளையாருக்கு வெச்ச பொங்கலை உங்க ராஜா ஒரு பருக்கை விடாம முடிச்சிட்டார்" என்று காலிக் கிண்ணத்தைக் காட்டினேன்.

தீட்டு, அபச்சாரம் என்று ஆரம்பிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"திராட்சை போட்டீங்களா?"

"போடாம? ஒரு கைப்பிடி..."

"ஐயோ, பாவி மனுஷா!" சம்பந்தி என்ற மரியாதையெல்லாம் பறந்துவிட்டது. "திராட்சை நாய்க்கு விஷம். கிட்னி போயிடும். செத்துப்போயிடும் அது! எப்ப தின்னுச்சு?"

"இப்பதாங்க. அஞ்சு நிமிஷம்."

"அரிசி டப்பா இருக்கிற கப்போர்டைத் திறங்க. கதவுக்கு உள்பக்கம் பாருங்க. நிக்காதீங்க, ஓடுங்க!"

ஓடினேன். கதவின் உள்பக்கம் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. மூன்று வாரமாக அந்தக் கதவைத் திறந்து அரிசி எடுத்திருக்கிறேன், கண்ணில் படவே இல்லை. குண்டு குண்டான தமிழ் எழுத்து. சார்லிக்கு ஆகாதவை: திராட்சை, வெங்காயம், பூண்டு, சாக்லேட். சார்லிக்குப் பிடித்தவை: தயிர்சாதம் (உப்பில்லாமல்), கேரட். நாய் டாக்டர் நம்பர். கடைசி வரி: எதிர் வீட்டுத் தொப்பிக்காரர் நல்ல மனிதர், கார் இருக்கிறது.

வித்யாவுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. மீட்டிங். செந்தில் ஆகாயத்தில். எனக்கு இந்த ஊரில் கார் ஓட்ட உரிமம் கிடையாது. ஆயிரம் பேர் ஏறிய ரயிலைக் கொடி காட்டிக் கிளப்பிய எனக்கு ஒரு நாயைக் கொண்டுபோக வழியில்லை. நாயைத் தூக்கிக்கொண்டு, சம்பந்தியம்மாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு தெருவைத் தாண்டிப் போய் ராய் வீட்டுக் கதவை இடித்தேன். வாயில் ஆங்கிலம் வரவில்லை. "டாக். ரெய்சின். டாக்டர்" என்றேன். அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. தொப்பியை எடுத்து மாட்டினார், பிக்கப் டிரக்கைக் கிளப்பினார்.

மன்னர் என் மடியில் ஜம்மென்று உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார். அவருக்கு என்ன தெரியும். எனக்குத்தான் நிலாவின் முகம் கண்முன் வந்து வந்து போயிற்று. அந்தக் குழந்தைக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

ராய் ஓட்டிக்கொண்டே விசாரித்தார். "அந்தப் புடவை கட்டிய அம்மா எப்போது வருவார்? போன வருடம் தினமும் காலையில் சார்லியோடு நடப்பாரே. அவரைப் பார்த்துதான் நானும் நடக்க ஆரம்பித்தேன்."

நான் சட்டைப்பையைப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் நாயை உள்ளே வாங்கிக்கொண்டுபோய்விட்டார்கள். ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்து, ரத்தம் பார்க்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. வரவேற்பறையில் எல்லோருடைய மடியிலும் ஏதோ ஒரு ஜீவன். என் மடி மட்டும் காலி. போனை எடுத்துப் பார்த்தேன். கும்பகோணத்தில் பத்து மணி ஆகப்போகிறது, சம்பந்தியம்மா அப்படியே உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது.

"என்னாச்சு?"

"உள்ள எடுத்துட்டுப் போயிருக்காங்க. நீங்க தூங்குங்க."

"தூக்கமா வரும்?" என்றார். பிறகு தானாகவே பேசினார். "வந்த அன்னிக்கே வாயை விட்டுட்டேன் சம்பந்தி. நாயா நானான்னு. என் மகன் பாவம், நான் சொன்னேன்னு அந்தக் குட்டிக் கதவை வாங்கி மாட்டினான். அப்புறம் எல்லாரும் வேலைக்குப் போயிடுவாங்க. பகல் பூரா அவ்ளோ பெரிய வீட்ல என்கூட இருந்தது அது ஒண்ணுதான். கட்டிலுக்குக் கீழ என் புடவையிலதான் படுத்துக்கும். வாசல்ல கேமரா இருக்குன்னு பின்கேட் வழியா வாக்கிங் கூட்டிட்டுப் போவேன். அந்தக் கதவை மாட்டினவன்கிட்ட போயி, எனக்கு நாயைப் புடிச்சுப்போச்சுன்னு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு சொல்றது?"

அறையில் போட்டு அடைத்தார் என்று செந்தில் சொன்னதும், பத்து மணிப் போனும், காட்டுங்க பாப்போமும், கட்டிலோரம் அது பிறாண்டியதும் ஒன்றின்பின் ஒன்றாக வந்து நின்றன. ஒரு பெண்பிள்ளையைப் போய்க் கிராம்வெல் என்று நினைத்தோமே என்று வெட்கமாக இருந்தது.

அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்கள் நினைவுக்கு வந்தன. சார்ல்ஸ் மன்னர் சாகக் கிடந்தபோது டஜன் கணக்கில் வைத்தியர்கள் கூடி, ரத்தத்தை எடுத்து, தலையைச் சிரைத்துப் பத்துப் போட்டு, சூடு வைத்து, மனிதரைப் படுத்தி எடுத்தார்கள். இத்தனைக்கும் நடுவில், வாழ்நாள் முழுக்க வெளியே சொல்லிக்கொள்ளாத தன் கத்தோலிக்க மத நம்பிக்கைக்காக ஒரு பாதிரியாரைப் பின்படிக்கட்டு வழியாக ரகசியமாக வரவழைத்தாராம். அத்தனை கூத்தடித்த மனிதர் ஒன்றை மட்டும் அப்படிப் பொத்தி வைத்திருந்தார். படித்தபோது இதில் என்ன ஒளிவு மறைவு என்று தோன்றியது. ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தபோது அப்படித் தோன்றவில்லை.

ஒன்றரை மணி நேரம் கழித்து டாக்டரம்மா வந்தார். திராட்சை எல்லாம் முழுசாக வெளியே வந்துவிட்டது, சீக்கிரம் கொண்டுவந்தீர்கள், இன்று இரவு இங்கே இருக்கட்டும், நாளை ரத்தம் பார்த்துவிட்டு அனுப்புகிறோம் என்றார். சம்பந்தியம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"செந்தில்கிட்ட சொல்லிடாதீங்க. உங்களைக் கும்புட்டுக் கேட்டுக்கறேன்."

"சத்தியமா சொல்ல மாட்டேன்" என்றேன்.

மறுநாள் மன்னர் ஊசி குத்திய காலில் கட்டோடு வீடு திரும்பினார். வித்யா என்னைத் திட்டவில்லை, அழுதாள். நிலா மட்டும் ஒருநாள் முழுக்க என்னோடு பேசவில்லை, அது நியாயம்தான். நான் கராஜுக்குப் போய்ப் புடவையைத் தேடி எடுத்து, தூசி தட்டி, நாலாக மடித்துக் கட்டிலுக்கு இடப்பக்கம் போட்டேன். நாய் வந்து மோந்தது. மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுப் படுத்தது.

சத்தியம் பண்ணிக் கொடுத்துவிட்டேனே தவிர மனசு கேட்கவில்லை. இந்த நாயால் அந்த அம்மாவைக் கூப்பிடாமல் இருக்கிறார் மகன். இந்த நாய்க்காக ஏங்கிக்கொண்டு அங்கே தனியாக உட்கார்ந்திருக்கிறார் அம்மா. நான் வாயைத் திறக்கக் கூடாது. மூன்று நாள் இதையே யோசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, குடும்பமே மேசையைச் சுற்றி உட்கார்ந்து சம்பந்தியம்மாவோடு வீடியோவில் பேசினோம். நாய் மேசைக்கடியில். "அந்த நாய் இன்னும் சோபாவுலதான் கெடக்குதா?" என்று அவர் வழக்கம்போல் கடுகடுத்தார்.

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். "மாப்பிள்ளை, நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. இந்த வீட்ல கண்டிப்பே இல்லை. சாமி பொங்கலையே தின்னுது. என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது. இன்னும் அஞ்சு வாரத்துல நான் கிளம்பிடுவேன். அப்புறம் யாரு இதைக் கட்டி மேய்க்கிறது? சம்பந்தியம்மாதான் வரணும். அவங்க இருந்தாத்தான் இது திருந்தும்."

செந்தில் திகைத்துப் போனார். "மாமா, அம்மாவுக்கு நாய்னாலே..."

"அதனாலதான் சொல்றேன்."

எல்லோரும் திரையைப் பார்த்தோம். சம்பந்தியம்மா என்னைப் பார்த்தார். ஒரு வினாடி உதடு துடித்தது. உடனே முகத்தை இறுக்கிக்கொண்டார்.

"எனக்கு இஷ்டமில்லதான்" என்றார். "ஆனா சம்பந்தி இவ்ளோ சொல்றப்ப தட்ட முடியுமா? என்ன பண்றது, வந்து தொலைக்கிறேன்." மூச்சு விடாமல் தொடர்ந்தார். "டிக்கெட் எப்ப போடுவே செந்தில்? முன்கூட்டியே போட்டுடு."

அந்தக் குரல் கேட்டு மேசைக்கடியில் தடதடவென்று சத்தம். செந்தில் குனிந்துகூடப் பார்க்காமல், "பாவம், உன் குரலைக் கேட்டாலே அதுக்கு நடுக்கம்மா" என்றார்.

நான் குனிந்து பார்த்தேன். நடுக்கம் முழுக்க வாலில்தான் இருந்தது. நிமிர்ந்து, "ஆமாம் மாப்பிள்ளை, ரொம்பப் பயப்படுது" என்றேன்.